வருமான வரி டிமாண்ட் 2,07,570 ரூபாய்: மொத்தமாகக் கட்ட வழியில்லை, என்ன செய்வது?

நொய்யல்கரையான் | டிசம்பர் 19, இரவு 11:40

வணக்கம். கோவையில் இருக்கிறேன். டிசம்பர் 7 அன்று வருமான வரித் துறையிலிருந்து, ரிட்டர்னைச் சரிபார்த்து அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்தது. 2024-25 நிதியாண்டுக்கு 2,07,570 ரூபாய் கட்டச் சொல்லி முப்பது நாள் கெடு. அதில் பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது.

2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சிறிய மென்பொருள் கம்பெனி, மாதம் ஒன்றரை லட்சம். அக்டோபர் முதல் வேறு கம்பெனி, அதே சம்பளம். 2025 ஜூனில் ஆள்குறைப்பு செய்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் வேலை இல்லை. நவம்பரில் கிடைத்த வேலையில் பழைய சம்பளத்தில் பாதிதான். நடுவில் அப்பாவுக்கு பைபாஸ். கையிருப்பு எல்லாம் ஆஸ்பத்திரியோடு போய்விட்டது.

செப்டம்பரில் ரிட்டர்ன் போடும்போதே 74,100 ரூபாயும் வட்டியும் கட்ட வேண்டும் என்று காட்டியது. அப்போது கையில் பணம் இல்லை. பிறகு கட்டலாம் என்று கட்டாமலே ரிட்டர்னை மட்டும் போட்டேன். இப்போது இரண்டு லட்சத்தைத் தாண்டி நிற்கிறது.

மச்சான் தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். திங்கட்கிழமை வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வேறு வழி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.


மதுரைக்கணக்கர் | டிசம்பர் 20, காலை 6:15

தம்பி, அந்தப் பணத்தை வாங்காதீர்கள். முதலில் இதைக் கேளுங்கள்.

முப்பது நாள் கெடு முடிந்த பிறகு துறை போடும் வட்டி மாதம் 1 சதவீதம். பிரிவு 220(2). நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு ரூபாய் வட்டி, அதுவும் தனி வட்டி. வட்டிக்கு வட்டி கிடையாது. மச்சான் வாங்கித் தருவது மூணு ரூபாய் வட்டி. இரண்டு லட்சத்து ஏழாயிரத்துக்கு அங்கே மாதம் 6,200-க்கு மேல் போகும், இங்கே 2,100-க்குள். ஒரு ரூபாய் வட்டிக் கடனை அடைக்க மூணு ரூபாய் வட்டிக்கு வாங்கக் கூடாது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் வாங்கியவனுக்குத்தான் தெரியும் அந்தச் சட்டத்தைக் காட்டி மீள்வது எவ்வளவு பாடு என்று.

செப்டம்பரில் ரிட்டர்ன் போட்டது மிகவும் சரி. பணம் இல்லை என்று ரிட்டர்னே போடாமல் இருப்பவர்கள்தான் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள். தாமதக் கட்டணம் 5,000, தாமதத் தாக்கலுக்குத் தனி வட்டி என்று அதுவும் சேர்ந்துவிடும்.

எனக்கு ஒரு சந்தேகம். நீங்களே காட்டியது 74,100. அது எப்படி 2,07,570 ஆனது? வட்டி மட்டும் அவ்வளவு ஏறாது. உங்கள் பேரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். முதல் கம்பெனி சம்பளத்தில் பிடித்த வரி, அதாவது டிடிஎஸ், அதில் இருக்கிறதா?


கார்மேகம்77 | டிசம்பர் 20, காலை 9:02

அரசாங்கக் கடனை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது என்பது என் கருத்து. பர்சனல் லோன் போட்டுக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். அண்ணன் மாதிரிச் சொல்கிறேன்.


நொய்யல்கரையான் | டிசம்பர் 20, காலை 10:30

மதுரைக்கணக்கர் சார், பார்த்தேன். கை நடுங்குகிறது. முதல் கம்பெனி ஆறு மாதமும் சம்பளத்தில் ஏறக்குறைய 17,980 வீதம் பிடித்திருக்கிறது. பேஸ்லிப்பில் தெளிவாக இருக்கிறது. மொத்தம் 1,07,900. 26ஏஎஸ்-இல் அதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. பிடித்த வரிக்குக் கம்பெனி தர வேண்டிய ஃபார்ம் 16 சான்றிதழைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பேஸ்லிப்பை வைத்துத்தான் ரிட்டர்ன் போட்டேன். இப்போது அந்த ஆபீஸே பூட்டிக் கிடக்கிறது.


மதுரைக்கணக்கர் | டிசம்பர் 20, மதியம் 1:20

அப்படியானால் உங்கள் கணக்கைப் பிரிக்கலாம். பிரித்தால்தான் பயம் குறையும்.

ஆண்டு முழுவதும் 18 லட்சம். நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) 75,000 போக 17,25,000. புதிய முறையில் வரி 2,07,500, செஸ் சேர்த்து 2,15,800. இதை உத்தேசித்துத்தான் முதல் கம்பெனி ஆறு மாதத்துக்குப் பாதியாக 1,07,900 பிடித்திருக்கிறது. இரண்டாவது கம்பெனிக்கு உங்கள் பழைய சம்பளம் தெரியாது. ஒன்பது லட்சம்தான் வருமானம் என்று எண்ணி 33,800 மட்டும் பிடித்திருப்பார்கள். அடிப்படை விலக்கும் நிலைக்கழிவும் இரண்டு இடத்திலும் கிடைத்துவிட்டது. அந்த இடைவெளிதான் 74,100. வேலை மாறும்போது ஃபார்ம் 12பி-யில் பழைய சம்பளத்தைப் புது இடத்தில் சொல்லியிருந்தால் இது வந்திருக்காது. இதைப் படிக்கிறவர்களில் வேலை மாறப்போகிறவர்கள் யாராவது இருந்தால் மறக்காதீர்கள்.

ஆக டிமாண்டில் மூன்று துண்டு இருக்கிறது. நீங்கள் கட்ட வேண்டிய 74,100. கம்பெனி பிடித்துக்கொண்டு கட்டாத 1,07,900. இரண்டுக்கும் சேர்த்துப் போட்ட வட்டி சுமார் 25,570.

நடுவில் இருக்கும் துண்டு உங்கள் கடன் அல்ல. சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்த அளவுக்கு அதை உங்களிடம் நேராகக் கேட்கக் கூடாது என்கிறது பிரிவு 205. 2015 ஜூன் 1 அன்றும், மறுபடி 2016 மார்ச் 11 அன்றும் நேரடி வரிகள் வாரியம் தன் அதிகாரிகளுக்கே இதை எழுதியிருக்கிறது. அடுத்த ஆண்டு ரீஃபண்டில் கழித்துக்கொள்வதும் மறைமுக வசூல்தான், அதுவும் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது.

அந்த 1,07,900 போய்விட்டால் அதற்குப் போட்ட வட்டியும் போகும். 74,100-க்கு, முன்வரி கட்டாததற்கான வட்டி 234பி-யில் ஒன்பது மாதம் 6,669, முன்வரித் தவணைகள் தவறியதற்கு 234சி-யில் 3,742. எல்லாம் சேர்த்து சுமார் 84,500. தம்பி, நீங்கள் இரண்டு லட்சத்துக்காக மூணு வட்டிக்குப் போக இருந்தீர்கள். உங்கள் உண்மையான கடன் 84,500 ரூபாய்.


நொய்யல்கரையான் | டிசம்பர் 20, மதியம் 1:48

சார், மூன்று முறை படித்துவிட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. மச்சானுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 84,500-ம் கையில் இல்லை, ஆனால் மூச்சு வருகிறது. அடுத்து என்ன செய்யட்டும்?


மதுரைக்கணக்கர் | டிசம்பர் 20, இரவு 8:55

இரண்டு வேலை. இரண்டையும் ஜனவரி 6-க்குள் முடிக்க வேண்டும்.

வருமான வரித் துறையின் இணையதளமான போர்ட்டலில் நிலுவைப் பணிகள் பகுதியில் டிமாண்டுக்குப் பதில் தரும் பக்கம் இருக்கும். அங்கே அவசரப்பட்டு 'டிமாண்ட் சரி' என்பதை அழுத்திவிடாதீர்கள். அழுத்திவிட்டால் பின்னால் மறுக்க முடியாது. பலர் இதில்தான் தவறுகிறார்கள், கட்டப்போகிறோமே என்ற நல்ல எண்ணத்தில். 'பகுதியாக ஏற்கவில்லை' என்பதைத் தேர்ந்து 1,07,900-யும் அதன் வட்டியையும் மறுங்கள். ஆறு மாதப் பேஸ்லிப், வரி போக மீதி வரவு வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு, கம்பெனிக்கு ஃபார்ம் 16 கேட்டு அனுப்பிய மெயில்கள், எல்லாம் சேருங்கள்.

இரண்டாவது, தவணை மனு. பிரிவு 220(3). வரி கட்டுபவர் கெடு முடிவதற்குள் விண்ணப்பித்தால் அதிகாரி கால நீட்டிப்போ தவணையோ தரலாம். கெடுவுக்குள் என்பது சட்டத்திலேயே இருக்கும் சொல். அறிவிப்பு ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் பெங்களூரு மையத்திலிருந்து வந்திருந்தாலும் மனு உங்கள் பான் எண்ணுக்குரிய வட்டார அதிகாரிக்குத்தான் போக வேண்டும். அவர் யார் என்று போர்ட்டலில் பான் எண்ணைக் கொடுத்தால் தெரியும். கோவை என்றால் பெரும்பாலும் ரேஸ்கோர்ஸ் சாலை அலுவலகம். நேரில் போய் ஆயகர் சேவா கேந்திரம் என்ற மனு வாங்கும் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மெயிலிலும் அனுப்புங்கள்.

மனுவில் அழ வேண்டாம், கணக்கைச் சொல்லுங்கள். இப்போதைய சம்பளம், வாடகை, ஈஎம்ஐ, அப்பாவின் மருத்துவச் செலவு, ஆறு மாத வங்கி விவரம், வேலை போன கடிதம். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவேன் என்று நீங்களே அட்டவணை போடுங்கள். 'இயன்றபோது கட்டுகிறேன்' என்று எழுதினால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். முடிந்த அளவு முதல் தொகையைக் கட்டி அந்தச் செலானையும் இணையுங்கள். செலானில் மைனர் ஹெட், அதாவது எந்த வகையில் கட்டுகிறோம் என்ற எண், 400. மாற்றி 300-இல் கட்டினால் டிமாண்ட் அப்படியே நிற்கும், பிறகு அதைத் திருத்த ஓர் அலைச்சல்.

எத்தனை தவணை என்று சட்டம் சொல்லவில்லை. அது அதிகாரியின் முடிவு. தவணை கிடைத்தாலும் ஒரு ரூபாய் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். அதனால் பத்தாயிரம் முடியுமென்றால் பத்தாயிரம் எழுதுங்கள். ரோஷத்தில் இருபதாயிரம் எழுத வேண்டாம்.


கார்மேகம்77 | டிசம்பர் 20, இரவு 9:30

மதுரைக்காரர் சொல்வது நியாயம்தான், ஆனால் ஒரு வாரத்தில் முடிகிற விஷயத்தை ஒரு வருடம் ஏன் இழுக்க வேண்டும்? 84,500 தானே, இப்போது பர்சனல் லோன் எளிதில் கிடைக்குமே.


மதுரைக்கணக்கர் | டிசம்பர் 20, இரவு 10:10

நீங்கள் கேட்பதும் சரியான கேள்விதான். கணக்கைப் பாருங்கள். இவர் இப்போது 14,500 கட்டி, மீதி 70,000-ஐ மாதம் பத்தாயிரமாக ஏழு மாதம் கட்டினால் மொத்த வட்டி 700, 600, 500 என்று இறங்கி 2,800 ரூபாய். பர்சனல் லோன் 14, 15 சதவீதம், அதற்கு மேல் பிராசஸிங் கட்டணம். ஐந்து மாதம் வேலை இல்லாமல் இருந்தவருக்கு அந்த விகிதத்தில் தருவார்களா என்பதும் சந்தேகம். கிரெடிட் கார்டு பேச்சையே எடுக்க வேண்டாம், அது மூணு வட்டிக்கும் மேலே போகும். வீட்டில் நகை இருந்து வங்கியில் 12 சதவீதத்துக்குக் கீழே கிடைத்தால் அது மட்டும் யோசிக்கத் தக்கது.

வட்டி குறைவு என்பதற்காகச் சும்மா இருந்துவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்காமல் கெடுவைத் தாண்டினால் பிரிவு 221-இல் நிலுவை அளவுக்கே அபராதம் போடலாம்.


வேலூர்_ராணி | டிசம்பர் 21, காலை 7:40

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். நான் சும்மா இருந்தவள்.

என் கணவர் கடை வைத்திருந்தார். 2021-இல் கொரோனாவில் போய்விட்டார். அவர் மெயிலுக்குத்தான் வரி நோட்டீஸ் எல்லாம் வந்திருக்கிறது. அந்த மெயிலைத் திறக்கிற மனது எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. ஒருநாள் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட பேங்குக்குப் போனால் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. எங்கள் இருவர் பேரிலும் இருந்த கணக்கு. கவுன்ட்டரில் அத்தனை பேர் முன்னால் நின்று அழுதேன்.

பிறகுதான் ஒரு ஆடிட்டர் சொன்னார். 226(3)-இல் வங்கிக்கே நோட்டீஸ் கொடுத்து எடுத்துக்கொள்ளலாமாம். கூட்டுக் கணக்கு என்றால் எதிர்மாறாக நிரூபிக்கும்வரை ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்வார்களாம். என் தையல் வருமானமும் அதில்தான் இருந்தது, அதைக் காட்டி எழுதிக் கொடுத்தோம். இறந்தவரின் வரிக்கு வாரிசு பொறுப்பு, ஆனால் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான், நம் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது என்றும் அப்போதுதான் தெரிந்தது. பிரிவு 159. ஒரு பகுதி கட்டியபின் கணக்கை விடுவித்தார்கள். கடைச் சரக்கை விற்று மீதியை எட்டு மாதத்தில் முடித்தேன்.

தம்பி, வீட்டில் சொல்லிவிடுங்கள். என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லியிருந்தால் நான் அந்த மெயிலைத் திறந்திருப்பேன்.


நொய்யல்கரையான் | டிசம்பர் 21, காலை 8:05

அக்கா, இன்று சொல்லிவிடுகிறேன்.


பனியன்நகர் | டிசம்பர் 21, மாலை 5:10

திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட். எனக்கு வருமான வரி இல்லை, ஜிஎஸ்டி. ஆர்டர் போட்டு 3,10,000 கேட்கிறார்கள். அதற்கும் தவணை உண்டா? ஏற்றுமதிப் பார்ட்டி பணம் தராமல் இழுக்கிறான், மாதச் சம்பளமே புரட்டிப் புரட்டித்தான் கொடுக்கிறேன்.


மதுரைக்கணக்கர் | டிசம்பர் 21, இரவு 9:00

உண்டு, அங்கே சட்டமே எண்ணிக்கை சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 80, அதிகபட்சம் 24 மாதத் தவணை. டிஆர்சி-20 படிவத்தில் விண்ணப்பம், டிஆர்சி-21-இல் உத்தரவு. 25,000-க்குக் கீழே உள்ள தொகைக்குத் தர மாட்டார்கள். ஆர்டர் போட்டுக் கேட்கும் தொகைக்குத்தான் இது பொருந்தும். மாத ரிட்டர்னில் நீங்களே காட்டிய வரிக்குத் தவணை கிடையாது. அங்கே வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், அதாவது ஒன்றரை ரூபாய் வட்டி. அதனால் நகைக் கடனோ வங்கி ஓவர்டிராஃப்டோ இருந்தால் ஜிஎஸ்டியை முதலில் அடைப்பதே நல்லது. இங்கேயும் ஒரு தவணை தவறினால் மொத்தமும் விழும்.


கடல்கடந்தவன் | டிசம்பர் 22, அதிகாலை 3:25

நியூஜெர்சியிலிருந்து. இங்கே அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்-இடம் 'ஆஃபர் இன் காம்ப்ரமைஸ்' என்று ஒன்று இருக்கிறது. வருமானம், சொத்து எல்லாம் காட்டி, இவ்வளவுதான் என்னால் முடியும் என்று நிரூபித்தால் பாக்கியைக் குறைத்தே முடித்துக்கொள்வார்கள். விண்ணப்பக் கட்டணம் 205 டாலர், எல்லோருக்கும் கிடைத்துவிடாது. இந்தியாவில் அப்படி ஏதும் இல்லையா?


மதுரைக்கணக்கர் | டிசம்பர் 22, காலை 6:30

வரியையே குறைத்து முடிக்கும் நிரந்தர வழி இங்கே இல்லை. அவ்வப்போது திட்டம் வரும். விவாத் சே விஸ்வாஸ் 2020-இல் வந்தது, மறுபடி 2024 அக்டோபரில் வந்து 2025 ஏப்ரல் 30-உடன் முடிந்தது. அது மேல்முறையீட்டில் கிடந்த வழக்குகளுக்கு. வட்டியும் அபராதமும் போகும், வரியைக் கட்டியாக வேண்டும். 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் பழைய சில்லறை டிமாண்டுகளைத் தள்ளினார்கள். 2009-10 வரை 25,000 ரூபாய்க்குள், 2014-15 வரை 10,000-க்குள்.

நிரந்தரமாக இருப்பது வட்டித் தள்ளுபடி. பிரிவு 220(2ஏ). கட்டினால் உண்மையான கஷ்டம், தவறியது நம் கையை மீறிய காரணத்தால், விசாரணைக்கு ஒத்துழைத்தோம் என்று மூன்றையும் காட்டினால் ஆணையர் அந்த ஒரு ரூபாய் வட்டியைக் குறைக்கலாம், தள்ளவும் செய்யலாம்.

இந்த இடைவெளியில்தான் ஏமாற்றுக்காரர்கள் புகுகிறார்கள். 'பாதியில் செட்டில் பண்ணித் தருகிறோம்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். துறையின் கடிதம் எதிலும் 2019 அக்டோபர் முதல் டின் என்ற ஆவண எண் இருக்கும். போர்ட்டலில் போட்டு உண்மையா என்று பார்க்கலாம்.


ஓய்வு_ஆசிரியை | டிசம்பர் 22, காலை 11:15

எனக்கும் அரியர்ஸ் வந்த ஆண்டில் 61,000 கேட்டு வந்தது. பயந்து கட்டப் போனேன். பள்ளியில் உடனிருந்த ஒருவர்தான் ஃபார்ம் 10ஈ போட்டீர்களா என்று கேட்டார். போடவில்லை. அரியர்ஸை அந்தந்த ஆண்டுக்குப் பிரித்துக் கிடைக்கும் பிரிவு 89 நிவாரணம் அந்தப் படிவம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டிருந்தது. ரிட்டர்னுக்கு முன்பே போட வேண்டியதாம். பிறகு படிவத்தைப் போட்டு, திருத்த மனு இரண்டு முறை கொடுத்து நீங்கியது. மதுரை சார் சொல்வது போல, தொகையைப் பார்த்தவுடன் பர்ஸைத் திறக்கக் கூடாது.


தாமிரபரணி_செல்வி | டிசம்பர் 23, மாலை 4:00

சார், எனக்குக் கெடு போய் நாலு மாதம் ஆகிவிட்டது. இனி மனு கொடுத்துப் பயன் உண்டா?


மதுரைக்கணக்கர் | டிசம்பர் 23, இரவு 9:20

கொடுங்கள் அம்மா. 220(3)-இன் உரிமையோடு கேட்க முடியாது, அவ்வளவுதான். கொஞ்சம் கட்டிய செலானோடு போகிறவரை யாரும் விரட்டுவதில்லை. வசூல் அதிகாரிக்கே கோப்பு போய்விட்டாலும் அவருக்கும் பிரிவு 225-இல் அவகாசம் தர அதிகாரம் இருக்கிறது.

இது மதிப்பீட்டு ஆணைமேல் வந்த டிமாண்டா? ஆணையே தவறு என்று மேல்முறையீடு போட்டிருந்தால், 20 சதவீதம் கட்டி மீதிக்கு நிறுத்தம் கேட்பது வாரியத்தின் 2017 ஜூலை 31 குறிப்புப்படி நடைமுறை. ஆனால் மேல்முறையீட்டுக்கும் முப்பது நாள் கெடுதான், தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும்.

பொதுவாக ஒன்று. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பாக்கிக்கு 1961 சட்டம்தான்.


நொய்யல்கரையான் | பிப்ரவரி 8, இரவு 10:15

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அன்றே வீட்டில் சொன்னேன். அம்மா எதுவும் பேசாமல் வளையலைக் கழற்றி வைத்தார். வேண்டாம் என்று மனைவிதான் உட்கார்ந்து மாதக் கணக்கு எழுதினாள். மனுவில் போன அட்டவணை அவள் போட்டது.

டிசம்பர் 29 அன்று 14,500 கட்டி, செலானோடு மனுவைக் கொடுத்தேன். ஜனவரி 5 அன்று கூப்பிட்டார்கள். அதிகாரி பேஸ்லிப் ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் இன்னும் பத்தாயிரம் கட்டுங்கள் என்றார். அடுத்த நாள் கட்டினேன். மீதி 60,000-க்கு மாதம் 10,000, ஆறு தவணை, எழுத்தில் உத்தரவு கொடுத்திருக்கிறார். முதல் தவணை நேற்று முடிந்தது.

அந்த 1,07,900 இன்னும் போர்ட்டலில் டிமாண்டாகத்தான் தெரிகிறது. பிரிவு 205 மனுவை எடுத்துக்கொண்டார்கள், கட்டச் சொல்லி வற்புறுத்தவில்லை. குறைதீர்ப்புப் பகுதியிலும் புகார் பதிந்திருக்கிறேன். பழைய கம்பெனியில் உடன் வேலை பார்த்த பதினொரு பேருக்கும் இதே நிலைதான் என்று இப்போது தெரிகிறது. அதில் இரண்டு பேர் முழுத் தொகையையும் கடன் வாங்கிக் கட்டிவிட்டார்கள். அவர்களுக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா சார்?


மதுரைக்கணக்கர் | பிப்ரவரி 9, காலை 6:05

கேட்கலாம், திருத்த மனு பிரிவு 154. நான்கு ஆண்டு அவகாசம் இருக்கிறது. எளிதில் நடக்காது, அதிகாரி மறுத்தால் மேல்முறையீடு வரை போக வேண்டியிருக்கும். பேஸ்லிப்பை மட்டும் யாரும் தொலைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பதினொரு பேரும் சேர்ந்து ஒரே நாளில் டிடிஎஸ் பிரிவு அதிகாரிக்கும் எழுதுங்கள். பிடித்த வரியைக் கட்டாதது அந்தக் கம்பெனியின் குற்றம், பிரிவு 276பி. தனித்தனியாக எழுதுவதைவிட அதற்கு எடை அதிகம். வரைவு எழுதி இங்கே போடுங்கள் தம்பி, நான் பார்த்துத் தருகிறேன்.